புரொஜெக்டர் தூரத்தில் இருக்கிறது, படம் போய்ச் சேரவேண்டும்

மேடையின் ஓரத்தில் ஒரு லேப்டாப். கூரையில் மூன்று புரொஜெக்டர்கள். நடுவில் முப்பது மீட்டர். முதல்முறை இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள்: கிடைப்பதிலேயே நீளமான எச்டிஎம்ஐ கேபிளையும் ஒரு ஸ்பிளிட்டரையும் வாங்கி வந்து சொருகிப் பார்ப்பார்கள். ஒன்றில் படம் வரும், ஒன்றில் மின்னி மின்னி வரும், ஒன்றில் வரவே வராது. அப்புறம் இன்னும் தடிமனான கேபிள் தேடிப் போவார்கள்.

கேபிளை மாற்றினால் சரியாகிற கோளாறு உண்டுதான். ஆனால் என்னை ராத்திரியில் தூங்கவிடாமல் செய்த கோளாறுகள் அநேகமாக வேறு இடத்திலிருந்து வந்தவை. படத்தை அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் தமக்குள் பேசிக்கொள்ளும், அந்தப் பேச்சு எங்கோ அறுந்திருக்கும். நாம் பழியைத் தூக்கிக் கேபிள் மேல் போட்டுக்கொண்டிருப்போம். தூரம், பேச்சு இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன். கேபிள் வாங்குவது நான்காவது படியில்தான் வரும். அதுவரை பர்ஸைத் திறக்கவேண்டாம்.

படி 1: முதலில் தாளில்

ஒரு தாளின் இடது பக்கம் படம் அனுப்பும் கருவிகளையும் வலது பக்கம் புரொஜெக்டர்களையும் வரையுங்கள். நடுவில் கோடு போடுமுன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். எல்லாத் திரையிலும் ஒரே படமா, ஒவ்வொன்றிலும் வேறு படமா, எல்லாம் சேர்ந்து ஒரே அகலப் படமா?

ஒரே படம் என்றால் ஸ்பிளிட்டர் போதும். ஒரு சிக்னல் உள்ளே போகும், மூன்று வெளியே வரும். வெவ்வேறு படங்கள், அதுவும் நிகழ்ச்சியின் நடுவே மாற்றி மாற்றி என்றால் மேட்ரிக்ஸ் ஸ்விட்ச்சர் வேண்டும். எந்த உள்வழியையும் எந்த வெளிவழிக்கும் திருப்பிவிடுகிற பெட்டி அது. மூன்றும் சேர்ந்து ஒரே அகலப் படம் என்றால் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்தே மூன்று தனி வெளியீடுகள் எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் படத்தை வெட்டிப் பிரித்துக் கொடுக்கும் வீடியோ வால் ப்ராசஸர் ஒன்றை நடுவில் வைக்கவேண்டும். அதற்கு ஸ்பிளிட்டரை வாங்கினால் ஒரே படம் மூன்று தடவை வரிசையாக நிற்கும். சிரிக்காதீர்கள், விழாவுக்கு முந்தைய நாள் அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

படி 2: சிக்னலின் எடை

"எச்டி" என்ற சொல் ஒன்றும் சொல்வதில்லை. எத்தனை பிக்சல், நொடிக்கு எத்தனை ஃப்ரேம், நிறம் முழுசா குறைச்சலா, இந்த மூன்றும் சேர்ந்துதான் கேபிளில் ஏறும் சுமை.

எச்டிஎம்ஐயில் 1080பி (1920க்கு 1080 பிக்சல்), 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 ஃப்ரேம், என்றால் நொடிக்குச் சுமார் 4.46 ஜிகாபிட் ஓடுகிறது. அரங்கப் புரொஜெக்டர்களில் அதிகம் காணும் 1920க்கு 1200 என்றால் அதைவிடக் கொஞ்சம் கூட, 4.62 ஜிகாபிட். 4கே (3840க்கு 2160), 30 ஹெர்ட்ஸ் என்றால் 8.91. 4கே, 60 ஹெர்ட்ஸ், முழு நிறம் என்றால் 17.82. அதாவது 1080பியிலிருந்து 4கேக்குத் தாவும்போது கேபிள் நான்கு மடங்கு சுமக்கிறது. 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 வரையறையின் உச்சமே 18 ஜிகாபிட்தான். ஆக 4கே 60 என்பது கழுத்துவரை நிரப்பிய குடம். கொஞ்சம் ஆடினாலும் சிந்தும்.

இதே 4கே 60ஐ 4:2:0 என்ற முறையில் அனுப்பினால் சுமை பாதியாகும். வெளிச்ச அளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாகப் போகும், நிறம் மட்டும் நான்கு பிக்சலுக்குப் பொதுவாகப் போகும். சினிமாக் காட்சியில் கண்ணுக்குத் தெரியாது. நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்து வைத்த ஸ்லைடு என்றால் ஓரமெல்லாம் கசியும்.

புரொஜெக்டரின் சொந்த ரெசல்யூஷன் என்ன என்று கையேட்டில் பாருங்கள். பெட்டியில் 4கே என்று போட்டிருந்தால் 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பது மட்டும் நிச்சயம். திரையில் விழுவது 1920க்கு 1200 ஆகவே இருக்கலாம். அப்படியானால் அந்த நான்கு மடங்கு சுமையைக் கூரைவரை தூக்கிக்கொண்டு போய் அங்கே கொட்டிவிடுகிறோம். என் கட்சி எப்போதும் ஒன்றுதான்: ஆடாமல் நிற்கும் 1080பி, அவ்வப்போது கறுத்துப்போகும் 4கேயைவிட மேல்.

படி 3: தூரத்தை வழியோடு அளங்கள்

வரைபடத்தில் 18 மீட்டர் என்று இருக்கும். கேபிள் சுவரேறி, கூரைக்கு மேல் வளைந்து, தூணைச் சுற்றி, மறுபடி கீழே இறங்கும்போது 31 மீட்டர் ஆகியிருக்கும். ஒரு கயிற்றை எடுத்துக் கேபிள் போகப்போகும் வழியிலேயே ஓட்டி அளங்கள். இரண்டு முனையிலும் இரண்டிரண்டு மீட்டர் கூட விடுங்கள். புரொஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் நாளில் அது கை கொடுக்கும்.

கூடவே குழாயின் வாயையும் பாருங்கள். சுவருக்குள் ஏற்கெனவே குழாய் புதைத்திருந்தால் எச்டிஎம்ஐ கேபிளின் தலை அதற்குள் நுழையுமா? நெட்வொர்க் கேபிளை வெறும் முனையாக இழுத்துவிட்டு அப்புறம் ஆர்ஜே 45 தலை பொருத்தலாம். எச்டிஎம்ஐயில் அது நடக்காது. தலை நுழையாததால் முழுத் திட்டமும் மாறிப்போன வேலைகள் உண்டு.

படி 4: எந்த வழியில் அனுப்புவது

5 மீட்டருக்குள் என்றால் சாதாரண எச்டிஎம்ஐ கேபிள், தரமானதாக. 1080பி மட்டும் என்றால் நல்ல கேபிளில் 10 மீட்டர் தாண்டியும் போகும். அதற்கு மேல் அதிர்ஷ்டத்தை நம்புகிற வேலை.

அதற்கடுத்தது ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள். இரண்டு தலைக்குள்ளும் சின்ன மின்சுற்று இருக்கும்; மின் சிக்னலை ஒளியாக்கிக் கண்ணாடி இழையில் அனுப்பி மறுமுனையில் மீண்டும் மின் சிக்னலாக்கும். முப்பது, ஐம்பது மீட்டருக்கு 4கே 60 அலட்டிக்கொள்ளாமல் போகும். மெல்லியது, எடையில்லாதது. இரண்டு குறைகள். ஒன்று, அதற்குத் திசை உண்டு: ஒரு தலையில் அனுப்பும் பக்கம் என்றும் மறு தலையில் திரைப் பக்கம் என்றும் எழுதியிருக்கும். திருப்பி இழுத்துவிட்டால் படம் வராது, முப்பது மீட்டரையும் மறுபடி இழுக்கவேண்டும். இரண்டு, மடங்கினால் இழை போய்விடும், தலையைப் பிடித்து இழுத்தாலும் போய்விடும். போனால் ஒட்டுப்போட வழியில்லை.

நிலையான அரங்க அமைப்புகளில் அதிகம் காண்பது எச்டிபேஸ்டி. எல்ஜி, சாம்சங், சோனி பிக்சர்ஸ், வேலன்ஸ் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து 2010இல் தொடங்கிய கூட்டமைப்பின் வரையறை. லேப்டாப் பக்கம் ஒரு ட்ரான்ஸ்மிட்டர், புரொஜெக்டர் பக்கம் ஒரு ரிசீவர், நடுவில் ஒற்றை நெட்வொர்க் கேபிள். அந்த ஒரே கேபிளில் படமும் ஒலியும் போகும். பொருத்தமான கருவிகளாக இருந்தால் புரொஜெக்டரை அணைத்துப் போடும் ஆர்எஸ் 232 கட்டளையும், ரிசீவருக்கு வேண்டிய மின்சாரமும்கூடப் போகும். ஏணி வைத்து ஏறவேண்டிய இடத்தில் இருக்கும் ரிசீவருக்குத் தனி அடாப்டர் தேவையில்லை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை மட்டும் கவனமாகப் படியுங்கள். 100 மீட்டர் ரகம், 70 மீட்டர் ரகம் என்று இரண்டு உண்டு. 70 என்று பெரிதாகப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் 1080பிக்கு. 4கேக்கு 40 மீட்டர்தான் என்று பொடி எழுத்தில் இருக்கும். 4கே 60 முழு நிறத்தைச் சுருக்காமல் அனுப்புவது எச்டிபேஸ்டி 3.0 முதல்தான், அதற்கு முந்தியவை லேசாகச் சுருக்கி அனுப்பும்.

இன்னொன்று. எச்டிபேஸ்டி ஓடுவது நெட்வொர்க் கேபிளில்தான், ஆனால் அது நெட்வொர்க் இல்லை. நடுவில் சாதாரண நெட்வொர்க் ஸ்விட்ச்சை வைத்தால் படம் போகாது. பல புரொஜெக்டர்களின் பின்னால் பார்க்க ஒரே மாதிரி இரண்டு ஆர்ஜே 45 துளைகள் இருக்கும்: ஒன்று லேன், மற்றது எச்டிபேஸ்டி. இருட்டில், கழுத்தை ஒடித்துக்கொண்டு சொருகும்போது மாறிப்போவது சகஜம்.

எஸ்டிஐ என்பது ஒளிபரப்புத் துறையின் வழி. 75 ஓம் கோஆக்சியல் கேபிள், திருகிப் பூட்டும் பிஎன்சி தலை. 3ஜி எஸ்டிஐயில் 1080பி 60 நல்ல கேபிளில் 100 மீட்டர் அளவுக்குப் போகும். கேமராவிலிருந்து நேரே வரும் படத்துக்கு இதைவிட நிம்மதியான வழி இல்லை. நூற்றுக்கணக்கான மீட்டர், கட்டடம் விட்டுக் கட்டடம் என்றால் தனி ஃபைபர் இழுத்து இரு முனையிலும் மாற்றுப் பெட்டி வைக்கவேண்டும். இரண்டு கட்டடத்து எர்த்துகளுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு இருந்தாலும் கண்ணாடி இழை அதைக் கடத்தாது.

கடைசியாக ஐபி வழி, அதாவது படத்தைக் கணினி நெட்வொர்க்கின் தகவலாகவே மாற்றி அனுப்புவது. இதில் உண்மையாகவே நெட்வொர்க் ஸ்விட்ச்சைப் பயன்படுத்தலாம், பத்துத் திரை, ஐம்பது திரை என்று பெருக்கலாம். சுருக்காத 1080பி 60 ஒரு ஜிகாபிட் ஸ்விட்ச்சுக்குள் அடங்காது என்பதால் சுருக்கித்தான் போகும், சுருக்கி விரிக்க நேரமாகும். எந்தத் துளை கேட்கிறதோ அதற்கு மட்டும் படத்தை அனுப்பவைக்கும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற அமைப்பு ஸ்விட்ச்சில் இயக்கப்படாவிட்டால் ஒவ்வொரு படமும் எல்லாத் துளைக்கும் பாய்ந்து மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும். முதல் வேலையாக இதைத் தொடவேண்டாம் என்பது என் யோசனை.

படி 5: கேபிளை இழுப்பது

எச்டிபேஸ்டியைத் தேர்ந்தெடுத்திருந்தால் உறையிட்ட கேட் 6ஏ ரக நெட்வொர்க் கேபிள், முழுச் செம்புக் கம்பி. மலிவாகக் கிடைக்கும் சில கேபிள்களில் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. கம்பியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளி நிறம் எட்டிப் பார்க்கும். அப்படியானால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தூரத்தையும் கெடுக்கும், அதில் மின்சாரம் அனுப்பினால் சூடும் ஏறும்.

மின்கம்பிகளோடு ஒரே குழாயில் விடவேண்டாம். மங்கவைக்கும் விளக்குகளின் டிம்மர் வயர், மோட்டார் வயர் இவற்றிலிருந்து ஒரு முழமாவது தள்ளிப் போகட்டும். தாண்டித்தான் ஆகவேண்டும் என்றால் குறுக்கே, செங்குத்தாகத் தாண்டுங்கள். வளைவு கேபிளின் விட்டத்தைப் போல நான்கு மடங்கு ஆரத்துக்குக் குறையக்கூடாது. கேபிளைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டையை இறுக்கி இழுத்து அழகு பார்க்காதீர்கள். உள்ளேயிருக்கும் முறுக்கு நசுங்கும். மிச்சக் கேபிளை இறுக்கமான சுருளாகச் சுற்றி வைப்பதும் நல்லதல்ல, பெரிய வளையமாகத் தளர்த்தி விடுங்கள்.

தலை பொருத்தும்போது இரு முனையிலும் டி568பி என்ற கம்பி நிற வரிசை. கம்பிச் சோடிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். நடுவில் இணைப்புப் பலகை, சுவர்ப் பெட்டி, நீட்டு வயர் என்று எத்தனை சேருகிறதோ அத்தனை இடத்தில் சிக்னல் அடிவாங்கும். ஒரே ஓட்டமாக இழுப்பதே உத்தமம்.

படி 6: இரண்டும் என்ன பேசிக்கொள்கின்றன

எச்டிஎம்ஐ தலையில் 19 ஊசிகள். படம் போவது அவற்றில் சிலவற்றில்தான். 15, 16 ஆகிய இரண்டும் பேச்சுக்கென்றே உள்ளவை. 18இல் 5 வோல்ட் போகும். 19ஆவது ஊசி, "நான் வந்துவிட்டேன்" என்று திரை கை தூக்கும் இடம்.

புரொஜெக்டர் கை தூக்கியதும் லேப்டாப் அதன் ஜாதகத்தை வாங்கிப் படிக்கும். அந்த ஜாதகத்துக்குப் பெயர் ஈடிஐடி. 128 பைட், பெரும்பாலும் நீட்டிப்புடன் சேர்த்து 256 பைட். என் பெயர் இது, நான் காட்டக்கூடிய ரெசல்யூஷன்கள் இவை, எனக்குப் பிடித்தது இது, ஒலி வாங்குவேன் அல்லது மாட்டேன், எல்லாம் அதில் இருக்கும். லேப்டாப் அதைப் பார்த்துத்தான் எதை அனுப்புவது என்று முடிவு செய்கிறது. நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதை அது கேட்பதில்லை.

ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர் இருக்கும்வரை தகராறு இல்லை. நடுவில் ஸ்பிளிட்டர் வந்து, மறுபக்கம் மூன்று நான்கு திரைகள் வந்தால் எந்தத் திரையின் ஜாதகத்தைக் கொடுப்பது? சில ஸ்பிளிட்டர்கள் முதல் துளையில் இருப்பதைக் கொடுக்கும். சில, எல்லாவற்றுக்கும் பொதுவான குறைந்தபட்சத்தைக் கொடுக்கும். ஒருமுறை மூன்று புதிய புரொஜெக்டர்களிலும் படம் மங்கலாக, பக்கவாட்டில் இழுத்த மாதிரி விழுந்தது. நள்ளிரவுவரை கேபிள், தலை, எக்ஸ்டெண்டர் (ட்ரான்ஸ்மிட்டர், ரிசீவர் சோடி) என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். கடைசியில் பார்த்தால், பேச்சாளர் பார்ப்பதற்காக மேடைக்குக் கீழே யாரோ ஒரு பழைய சின்ன மானிட்டரை அதே ஸ்பிளிட்டரின் நான்காவது துளையில் சொருகியிருந்தார்கள். 1024க்கு 768. பிடுங்கினேன், அடுத்த விநாடி மூன்று திரையும் பளிச்சென்று நின்றன.

அன்றிலிருந்து நான் திரைகளைப் பேசவிடுவதில்லை. ஈடிஐடியை நிரந்தரமாகப் பதித்துவைக்கும் வசதி இருக்கிற ஸ்பிளிட்டரையோ மேட்ரிக்ஸையோ மட்டுமே வாங்குகிறேன். பின்னால் சின்ன சுவிட்சுகள் வரிசையாக இருக்கும், அல்லது மென்பொருளில் இருக்கும். படி 2இல் முடிவு செய்த ரெசல்யூஷனை அதில் வைத்துவிட்டால் லேப்டாப் எப்போது கேட்டாலும் அதே பதில்தான். அந்த வசதி இல்லாவிட்டால் லேப்டாப்புக்குப் பக்கத்தில் ஈடிஐடி எமுலேட்டர் என்ற குட்டிப் பொருளைச் சொருகலாம். புரொஜெக்டர் அணைந்தாலும் லேப்டாப்புக்குத் திரை அங்கேயே இருப்பதாகத் தோன்றும். நிகழ்ச்சியின் நடுவே ஒரு புரொஜெக்டர் அணைந்ததும் கணினி திரைகளின் வரிசையையே மாற்றிவிட்டு, நடுத் திரையில் இருக்கவேண்டிய படத்தை ஓரத்துக்குத் தள்ளுகிற அசிங்கம் இதனால் தவிரும்.

ரெசல்யூஷன் கலந்த திரைகள் கட்டாயம் வேண்டும் என்றால், குறைந்த திரைக்கு முன்னால் ரெசல்யூஷனை மாற்றிக் கொடுக்கும் ஸ்கேலர் ஒன்றை வையுங்கள். அந்த ஒன்றுக்காக மற்றவை இறங்கிவர வேண்டியதில்லை.

பேச்சின் இரண்டாவது பகுதி எச்டிசிபி, திருட்டுத் தடுப்புப் பூட்டு. நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட 4கே படங்கள் பெரும்பாலும் எச்டிசிபி 2.2 கேட்கும். லேப்டாப்பிலிருந்து புரொஜெக்டர்வரை சங்கிலியில் உள்ள ஒவ்வொரு பெட்டியும் அதை அறிந்திருக்கவேண்டும். ஒன்று பழையதாக இருந்தாலும் திரை கறுக்கும், அல்லது படம் 1080பிக்கு இறங்கும். எச்டிசிபி 2.2இல் பெட்டிக்குப் பின் பெட்டியாக நான்கு அடுக்கு, மொத்தம் 32 கருவி என்று வரம்பும் உண்டு. சில லேப்டாப்கள் உங்கள் சொந்த ஸ்லைடுக்கும் பூட்டுப் போடும், காரணம் மறுபக்கம் "எனக்குப் பூட்டுத் தெரியும்" என்று சொன்னதுதான். சொந்தப் படம் மட்டுமே ஓடும் அரங்கில், மேட்ரிக்ஸின் உள்வழியில் எச்டிசிபியை அணைக்க அமைப்பு இருந்தால் அணைத்துவிடலாம். எஸ்டிஐயில் இந்தப் பேச்சு எதுவும் கிடையாது, ஜாதகமும் இல்லை பூட்டும் இல்லை. அதனால்தான் அதை நிம்மதியான வழி என்றேன். பூட்டுப் போட்ட படம் அதற்குள் போகவும் போகாது.

படி 7: அகலப் படமானால்

மூன்று புரொஜெக்டர்களின் படங்கள் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி விழவேண்டும். அந்த ஓரங்களை மங்கவைத்துத்தான் தையல் தெரியாமல் சேர்ப்பார்கள். 1920 பிக்சல் அகலத்தில் 15 சதவீதம் ஏற்றினால் 288 பிக்சல். மூன்று படத்துக்கு இரண்டு தையல், 576 பிக்சல் போய்விடும். 5760 இருக்கவேண்டிய இடத்தில் மிஞ்சுவது 5184. படம் தயாரிப்பவரிடம் இந்த எண்ணை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர் 5760க்குச் செய்து கொண்டுவந்தால் வட்டம் முட்டையாகும்.

சிக்னல் பக்கத்தில் கவனிக்கவேண்டியது தாமதம். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிவிநாடி. நடுப் புரொஜெக்டர் பக்கத்திலேயே இருக்கிறது என்று அதற்கு மட்டும் நேரடி கேபிளும், ஓரத்து இரண்டுக்கும் படத்தைச் சுருக்கி அனுப்பும் எக்ஸ்டெண்டரும் போட்டால், ஓரங்கள் ஒன்றிரண்டு ஃப்ரேம் பின்தங்கலாம். நின்ற படத்தில் தெரியாது. திரையின் குறுக்கே ஒரு ரயில் ஓடினால் தையலில் ஒடிந்து ஓடும். அதனால் மூன்றுக்கும் ஒரே மாடல் எக்ஸ்டெண்டர், நாலு மீட்டரில் இருப்பதற்கும் சேர்த்து. புரொஜெக்டரின் படத் திருத்த அமைப்புகளும் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும்.

படி 8: தரையில் ஒரு ஒத்திகை

கூரைக்கு ஏற்றுமுன் எல்லாவற்றையும் ஒரே அறையில் தரையில் பரப்பி, நிஜமாகப் போகவிருக்கும் நீளக் கேபிள்களையே மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறிமாறி வரும் கட்டப் படம் ஒன்றைக் காட்டுங்கள். எங்காவது ரெசல்யூஷன் மாறியிருந்தால் அலையலையாகக் காட்டிக்கொடுக்கும். ஐந்து நிமிடம் ஓடினால் போதாது, ரிசீவர் சூடேறி நிற்கும்வரை சில மணி நேரம் ஓடட்டும். பிறகு மேலே ஏற்றும்போது அந்த ரிசீவரைப் புரொஜெக்டரின் வெப்பக்காற்று வரும் துவாரத்துக்கு எதிரே கட்டிவிடாதீர்கள்.

அப்படியும் படம் தகராறு செய்தால் அறிகுறியைப் பாருங்கள். வெள்ளைப் பொட்டுகள் மின்னினால் சிக்னல் நலிந்திருக்கிறது. ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். பொட்டுகள் மறைந்தால் கேபிளோ தலையோ சுமை தாங்கவில்லை. படம் அவ்வப்போது இரண்டு விநாடி கறுத்து மீண்டால், இணைப்பு அறுந்து பூட்டைத் திரும்பத் திறக்கிறது என்று அர்த்தம். அது கறுக்கும் நேரத்தில் டிம்மரோ குளிரூட்டியின் மோட்டாரோ இயங்கத் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். எல்லாமே ரோஜா நிறமாகவோ பச்சையாகவோ தெரிந்தால் கேபிளைத் தொடவே வேண்டாம். ஒரு பக்கம் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) என்றும் மறுபக்கம் வேறு நிற முறை என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறது, அமைப்பில் ஒன்றாக்குங்கள். சிக்னலே இல்லை என்று புரொஜெக்டர் சொன்னால் ஆப்டிகல் கேபிளின் திசை, ரிசீவரின் மின்சாரம், சொருகிய துளை மூன்றையும் பாருங்கள். அதுவும் சரியென்றால் புரொஜெக்டரை முதலில் போட்டு, நடுப் பெட்டிகளை அடுத்துப் போட்டு, லேப்டாப்பைக் கடைசியாகப் போடுங்கள். கை தூக்குவது யார், பார்ப்பது யார் என்ற வரிசை சில கருவிகளுக்கு முக்கியம்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டுங்கள். ஈடிஐடி சுவிட்சுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று படமெடுத்து, அச்சிட்டு, கருவி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். குழாய்க்குள் ஒரு கேபிள் கூடுதலாகவும் ஒரு வெறும் இழுகயிறும் விட்டுவைத்தால், நான்காவது புரொஜெக்டர் வேண்டும் என்று யாராவது வந்து நிற்கும் நாளில் சுவரை உடைக்க வேண்டியிராது.